கெண்டைக்காலில் ஒரு மாவு மில்

ஜூலை 7, திங்கள்

இன்று என் தொடைக்கு போன் வந்தது.

இரண்டாவது பீரியட், கெமிஸ்ட்ரி. எட்வின் சார் போர்டில் ஏதோ அமிலத்தைக் காரத்தோடு சமாதானம் செய்துகொண்டிருந்தார். என் வலது தொடையில் 'ர்ர்ர்ர்' என்று ஓர் அதிர்வு. கை தானாக பாக்கெட்டுக்குப் போனது. போனோ வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் சிறைவாசம் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. சாருக்கும் தெரியவில்லை.

"எட்றா வெளிய," என்றார்.

"என்னத்த சார்?"

"போனை."

"போன் இல்ல சார். தொடை சார்."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்க வைக்க நினைக்காமல் சிரித்தது இதுவே முதல் முறை. சார் என் பாக்கெட்டைத் துழாவி, பாதி கடித்த கடலை மிட்டாயைப் பறிமுதல் செய்தார்.

இந்த டைரி பற்றி: மில்லுக்கு பேரிங் விற்கிற கம்பெனிக்காரர் அப்பாவுக்குக் கொடுத்தது. அப்பா எழுத மாட்டார். எழுதாத டைரி பாவம் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் பெயர் கபிலேஷ். பிளஸ் ஒன். ஊர் திண்டுக்கல். 'துடிப்பான மாணவன், ஆனால் திசை மாறிய துடிப்பு' என்று எட்டாம் வகுப்பு ரேங்க் கார்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த டீச்சருக்கு எதிர்காலம் தெரிந்திருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

தொடைக்கு மறுபடி போன். நான் எடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

இப்போது கெண்டைக்கால். தோலுக்குக் கீழே ஒரு தவளைக்குட்டி குடிவந்த மாதிரி. படக் படக்கென்று குதிக்கும், நிற்கும், யோசிக்கும், மறுபடி குதிக்கும். நான் காலை ஆட்டவே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மில்லு ஓடுதுல்ல," என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. கீழே அப்பாவின் மாவு மில். மில் ஓடினால் டம்ளர் தண்ணீர் நடுங்கும், சாமி படங்கள் ஒரு பக்கமாகச் சாயும், மிளகாய் அரைக்கும் நாளில் டி.வி. செய்தி வாசிப்பவர்கூடத் தும்முவது போலத் தோன்றும். அதனால் எங்கள் வீட்டில் எது உதறினாலும் ஒரே விளக்கம்தான். மில்லு ஓடுது.

"அம்மா, மில்லு ஓடினா ரெண்டு காலும்ல ஆடணும்? ஒன்னுதான ஆடுது."

"ஒரு காலை ஆட்டத் தெரிஞ்சவனுக்கு இன்னொன்ன நிறுத்தத் தெரியாதா?"

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. போன மாதம் கணக்குப் பரீட்சை அன்று, "கை வரலம்மா" என்று நான் வலது கையைத் தொங்கப் போட்டேன். அப்பா தலை முதல் கால் வரை கோதுமை மாவோடு ஓடிவந்து என்னை ஆட்டோவில் தூக்கிப் போனார். கிளினிக்கில் நர்ஸ் ஊசியை எடுத்ததும் கை வந்துவிட்டது. வந்த கையால் நர்ஸுக்கு வணக்கமும் வைத்தேன். அன்றிலிருந்து என் உடம்பு சொல்வதற்கு வீட்டில் மதிப்பில்லை.

ரிஸ்வானிடம் காட்டினேன். நண்பன் என்றால் நம்புவான் என்று நினைத்தேன். அவன் கெண்டைக்காலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா பண்ற மச்சி. எனக்கும் சொல்லிக் குடு," என்றான்.

எனக்குத் துடிப்பு. ஊருக்கு நடிப்பு.

ஜூலை 13, ஞாயிறு

என்னை நம்ப ஓர் ஆள் கிடைத்தாகிவிட்டது. ஆனால் நம்பியது வேறு எதையோ.

கனகவல்லி அத்தை எங்கள் தெருக்கோடி. சொந்த அத்தை இல்லை, மில்லுக்கு வரும் எல்லாருமே எனக்கு அத்தைதான். கேப்பை அரைக்க வந்தவர் தூக்குவாளியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, துடிக்கிற வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையும் பார்த்தார்.

"வலதா?"

"வலதுதான் அத்தை."

"ஆம்பளப் புள்ளைக்கு வலது தோளு துடிச்சா விசேஷச் சேதி வரும். காலண்டர் பின்னாடி போட்டிருக்கான் பாரு."

போய்ப் பார்த்தேன். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம், பல்லி விழுந்தால் என்ன பலன் என்பதற்குக் கீழே, எந்த அங்கம் துடித்தால் என்ன பலன் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். தலை முதல் பாதம் வரை. ஆணுக்கு வலது நல்லது, இடது ஆகாது. இத்தனை நாளாக என் உடம்புக்கு எங்கள் மில் சுவரிலேயே விளக்கவுரை தொங்கியிருக்கிறது.

சாயங்காலம் அத்தையின் மருமகளுக்குப் பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்த சேதி வந்தது. இன்டர்வியூ போனது அந்தப் பெண். படித்தது அந்தப் பெண். பெயர் வாங்கியது என் தோள்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. கூழுக்குக் கம்பும் கேப்பையும் அரைக்க மில்லில் ஒரே கூட்டம். வரிசையில் நிற்கும் அத்தைகள் எல்லாம் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

"தம்பி, இன்னிக்கு எங்க துடிக்குது?"

உண்மையில் இன்று துடித்தது இடது பாதத்தின் அடியில். அதைச் சொன்னால் யாருக்கு லாபம்? வலது புருவம் என்றேன். வரிசை முழுக்கப் புன்னகை. ஒரு அத்தை முறுக்கு கொடுத்தார். இன்னொருவர் தன் வீட்டுக்காரர் லாரி வாங்கலாமா என்று கேட்டார். வலது முழங்கையைத் துடிக்க விட்டேன். வாங்கலாம்.

அப்பா மெஷினில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "அவன் நடிக்கிறான்க்கா," என்றார்.

"நீ சும்மா இரு தம்பி. உனக்கு மெஷினைத்தான் தெரியும்," என்றார் கனகவல்லி அத்தை.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. இடது கண்ணிமை துடிக்கிறது. இது நான் செய்யாதது. நிறுத்தவும் முடியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இடது இமை ஓயவில்லை. நான் யாரைப் பார்த்தாலும் கண்ணடிப்பது போல இருக்கிறது. எட்வின் சாரைப் பார்த்துக் கண்ணடித்து வெள்ளிக்கிழமையே வெளியே நின்றாயிற்று.

இது பரவாயில்லை. மில்தான் பிரச்சினை. ஆவணிக் கல்யாணத்துக்கு மஞ்சள் அரைக்க வந்த குடும்பம் என் இமையைப் பார்த்துவிட்டு, "நாங்க அப்புறமா வர்றோம்," என்று அடுத்த தெரு மில்லுக்குப் போய்விட்டது. வலது புருவத்தை நம்பியவர்கள் இடது இமையையும் நம்பத்தானே செய்வார்கள்? இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அம்மா இமைமேல் திருநீறு பூசினார். அது துடித்துத் துடித்துத் திருநீறை உதிர்த்தது. கடைசியில் அப்பாவின் பழைய கூலிங்கிளாஸை மாட்டிவிட்டார்கள். உள்ளே மாவுப் புகை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தராசு எங்கே, எடைக்கல் எங்கே என்று தெரியாமல் ஒரு அத்தையின் தலையை அரிசி மூட்டை என்று தட்டிவிட்டேன்.

"மேல போய் உக்காருடா," என்றார் அப்பா. "வேலையும் இல்ல, வெட்டியும் இல்ல, நீ இருக்கறதே நட்டம்."

ஜூலை 22, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஸ்கூல் விட்டு வரும்போதும் வரவில்லை. மில் ஓடவில்லை. தெருவே காது அடைத்த மாதிரி அமைதி. மாடியில் தரையில் படுத்தேன். டம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது. சாமிகள் நேராக நின்றார்கள்.

என் பாதம் மட்டும் உறுமியது. உள்ளங்காலுக்குள் யாரோ மெல்லிசாக மில் ஓட்டுகிறார்கள். கெண்டைக்காலில் தவளை. தொடையில் போன்.

அதுவரை மனசின் ஒரு ஓரத்தில் நானும், மில்லாக இருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறேன் போல.

அம்மாவிடம் கெஞ்சி போனை வாங்கினேன். பாடம் சம்பந்தமாக என்றேன். 'சதை ஏன் தானாகத் துடிக்கிறது' என்று தேடினேன். பொது அறிவுக்காகத்தான். நிறைய வந்தது. டீ அதிகம் குடித்தால், தூக்கம் இல்லாவிட்டால் என்று ஆரம்பித்து, கீழே போகப் போக ஒரு நோயின் பெயர். அதை இங்கே எழுதவில்லை. எழுத்துப்பிழை வரும்.

ஜூலை 23, புதன்

பயமெல்லாம் இல்லை.

ஜூலை 26, சனி

அந்த நோய் வந்தால் சதை இளைத்து, கை கால் பலம் குறையுமாம். எனக்குக் குறையவில்லை என்று உலகுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக அல்ல, சும்மா, கீழே போய் மூட்டைகளைத் தூக்கினேன். இந்தப் பக்கம் இருந்ததை அந்தப் பக்கம். அந்தப் பக்கம் இருந்ததை மறுபடி இந்தப் பக்கம். பிறகு குதிகாலில் நடந்தேன், நுனிக்காலில் படி ஏறினேன், ஒற்றைக்காலில் மொட்டை மாடி வரை நொண்டினேன்.

அப்பா மில்லை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். "பரிமளா, இங்க வா. உம் புள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சு."

அம்மா படியில் நின்று பார்த்தார். "மூட்டைக்குள்ள பாம்பு கீம்பு போட்டிருக்கானான்னு பாருங்க."

மத்தியானம் அம்மாவின் தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். வலது கொஞ்சம் சிறுசாக இருந்தது. மறுபடி அளந்தேன். இடது சிறுசாக இருந்தது. மறுபடி அளந்தபோது அம்மா வந்துவிட்டார்.

"பேன்ட் தைக்கப் போறியா?"

"ஆமா," என்றேன்.

"காலு மட்டும் அளந்தா எப்பிடி, இடுப்ப யாரு அளக்கிறது?" என்று டேப்பை வாங்கி என் இடுப்பைச் சுற்றினார். "எளச்சுப் போயிட்டடா."

எல்லா அம்மாவும் எல்லாப் பிள்ளையையும் பார்த்துச் சொல்வது. ஆனாலும் இன்று சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூலை 28, திங்கள்

இன்று வகுப்பில் யாரையும் கலாய்க்கவில்லை. எட்வின் சார் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

ஜூலை 29, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நேரே சொன்னேன். "அப்பா, டாக்டர்கிட்ட போகணும்ப்பா."

அப்பா தட்டைப் பார்த்தபடி, "நாளைக்கு என்ன பரீட்சை?" என்றார்.

"பரீட்சை இல்லப்பா."

"அப்ப நாளன்னிக்கு."

"நெசமாத்தான்ப்பா. ஒடம்பு பூராத் துடிக்குது. நானாப் பண்ணல."

"கபிலேசு," என்றார் அம்மா, "அப்பா அன்னிக்கு மாவோட ஓடினாரே, ஆட்டோக்காரன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். ஆடி முடியற வரைக்கும் எங்கள விட்ருடா சாமி."

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. பொய் சொல்லும்போது என் முகம் எவ்வளவு ஒத்துழைக்கிறது. உண்மை சொல்லும்போது மட்டும் உதடு கோணிக்கொண்டு, சிரிப்பை அடக்குவது மாதிரியே இருக்கிறது. அழுகையை அடக்கினாலும் அப்படித்தான் இருக்கும் என்று ரிஸ்வான் எப்போதோ சொன்னான். எனக்குத் தெரியாது.

ஜூலை 30, புதன்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

ஸ்கூலில் ஏதோ கூட்டம், மத்தியானமே விட்டுவிட்டார்கள். ராத்திரிகளில் சரியாகத் தூக்கம் இல்லை, பாடம் அதிகம். மில்லுக்குள் கோதுமை மூட்டைகளின் மேல் சாய்ந்தேன். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய உடம்பு, உடனே தூங்கிவிட்டது.

மில் நின்றதுதான் என்னை எழுப்பியது.

கண்ணைத் திறந்தால் அப்பா என் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, என் கெண்டைக்காலில் உள்ளங்கையை வைத்திருக்கிறார். மோட்டார் சூடாகியிருக்கிறதா என்று பார்க்க வைப்பாரே, அதே மாதிரி. அவர் கைக்குக் கீழே தவளை குதித்துக்கொண்டிருந்தது. பெல்ட்டைச் சரிசெய்யும்போதுகூட அப்பா முகத்தில் இவ்வளவு கவனத்தை நான் பார்த்ததில்லை.

"நீ தூங்கிட்டுத்தான இருந்த?" என்றார்.

"ஆமாப்பா."

"கொறட்டை விட்ட."

"விட்டிருப்பேன்."

"தூங்கறப்ப எப்பிடிடா நடிப்ப," என்றார். என்னிடம் கேட்டது மாதிரி இல்லை.

வெளியே வரிசையில் ஒரு அத்தை, "வேலுச்சாமி, மில்லு ஏன் நின்னுருச்சு?" என்று கேட்டார். அப்பா கையை எடுக்கவில்லை. "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். என் மூக்கில் மாவு போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. மாவால்.

ஜூலை 31, வியாழன்

நாளை ஆடி வெள்ளி. அதற்கு முந்தின நாள் எங்கள் மில் மூடியிருந்ததாக என் வாழ்நாளில் ஞாபகம் இல்லை. இன்று மூடியிருந்தது. மதுரைக்குப் பஸ் ஏறினோம். அப்பா அயர்ன் பண்ணின சட்டை. காதுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் மாவு பாக்கி.

நரம்பு டாக்டரின் வெயிட்டிங் ஹாலில் அப்பா சுவரில் இருந்த நரம்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. சொல்லவில்லை. அப்பாவின் கட்டைவிரல் டோக்கனைச் சுருட்டிச் சுருட்டி விபூதி மடிப்பாக்கியிருந்தது.

டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் எழும்பியது. குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். நான் தேர்ந்த வித்வான் போல நடந்தேன்.

"முன்னாடியே பழகினவன் மாதிரி நடக்கிறியே," என்றார்.

"பொது அறிவு டாக்டர்."

"எங்கயாவது பலம் கொறஞ்ச மாதிரி இருக்கா?"

"கணக்குல மட்டும்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு ஊசி குத்தி, கம்ப்யூட்டரில் கோடு பார்க்கும் ஒரு டெஸ்ட். ஊசியைப் பார்த்ததும் அப்பா என்னைப் பார்த்தார். நான் வணக்கம் எதுவும் வைக்கவில்லை. என் சதையின் சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்டேன். சோளம் பொரிக்கிற மாதிரி இருந்தது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் ஒரு யுகம் போனது. அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நரம்பு நல்லா இருக்கு. சதையும் நல்லா இருக்கு. இது தன்னால துடிக்கிற துடிப்பு. ஆபத்து இல்லாதது. நிறையப் பேருக்கு உண்டு. தூக்கம் கெட்டா கூடும், டீ கூடினா கூடும், பயந்தா ரொம்பக் கூடும்."

"எப்ப நிக்கும் டாக்டர்?" என்றார் அப்பா.

"நிக்கலாம். போயிட்டுத் திரும்பி வரலாம். இருந்துக்கிட்டே இருக்கலாம். இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு பழகிக்கணும்." என்னைப் பார்த்தார். "போன்ல தேடினியா?"

நான் தரையைப் பார்த்தேன். தரை நல்ல டைல்ஸ்.

"எத்தன நாளாடா பயந்துக்கிட்டிருக்க?" என்றார் அப்பா.

"கரண்ட் போன அன்னிக்கிருந்து."

அப்பா என் பிடரியில் கையை வைத்தார். அது வாசல் வரை அங்கேயே இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் டாக்டர், "வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லைங்க," என்றார் அப்பா. "எனக்கு உள்ளங்கால்ல உர்ருனு ஓடும். கெண்டக்காலு அப்பப்ப துள்ளும். அது மில்லுங்க. நமக்கு மாவு மில்லு."

"இப்ப ஓடுதா?"

"ஓடுதுங்க."

"இப்ப நீங்க மதுரையில இருக்கீங்க."

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்த ஆள் பொய்ப் பெயர் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தவர் மாதிரி.

டாக்டர் அப்போதுதான் சிரித்தார்.

பஸ்ஸில் அப்பா எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். "டீயக் கொறச்சுக்கணுமாம்," என்றார். "ரெண்டு பேரும்." பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி, "அடுத்த தடவ என்னைய எழுப்பிக்கூடச் சொல்லு," என்றார்.

எனக்குத் தொடையில் போன் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸும் அதிர்ந்துகொண்டிருந்தது. எது எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் மில்லை மூடினால் தெரு சும்மா இருக்குமா? வேலுச்சாமி பையனுக்கு என்னவோ பெரிசு, மதுரையிலேயே கையை விரித்துவிட்டார்கள் என்று பேச்சு. நேற்று என்னைப் பார்த்து ஒரு அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் தலையில் தட்டிய அத்தை, "அன்னிக்குத் தட்டினதுக்கு நான் திட்டினத மனசுல வச்சுக்காத சாமி," என்றார். ரிஸ்வான் என்னிடம் வாங்கிய கிரிக்கெட் பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மூன்று பேரிடமும் ஒன்றுமில்லை என்று சொன்னேன். மூன்று பேரும் தலையைத் தடவிக் கொடுத்தார்கள்.

இன்று காலை கனகவல்லி அத்தை ஒரு தூக்கு நிறையப் பால்கொழுக்கட்டையோடு மாடிக்கே வந்துவிட்டார். ஏலக்காய் வாசனை அவருக்கு முன்னால் படி ஏறியது.

"தம்பி," என்று என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மறைக்காமச் சொல்லு. என்னடா சொன்னான் டாக்டரு?"

என் வாழ்க்கையின் ஆகப்பெரிய வாய்ப்பு. கண் மங்குது அத்தை என்றால் போதும், ஆடி முடியும் வரை தினமும் தூக்கு வரும். முகம்கூடத் தயாராகிவிட்டது. அப்போது படியில் அப்பா வந்து நின்றார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பொய் வாயில் வரவில்லை. காலையில் சரியாகச் சாப்பிடாததால் இருக்கும்.

"ஒன்னுமில்ல அத்தை. சதை சும்மா துடிக்குது. ஆபத்தே இல்லையாம். நீங்க காலண்டரப் பாத்துக் கேட்டப்ப நான் சொன்னது பாதி புளுகு. லாரி வாங்கச் சொன்னது பூராவும் புளுகு."

அத்தை என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "யாரு இப்பிடிச் சொல்லச் சொன்னா ஒன்னைய?"

"யாரும் சொல்லல அத்தை."

"நெசந்தான்க்கா," என்றார் அப்பா. "அவன் சொல்றது நெசம்."

இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டுச் சுவர்கள் இதுவரை கேட்டதில்லை. நான் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அத்தையின் முகம் தெளிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு தூக்கை எடுத்து மூடியை அழுத்தினார்.

"அப்பச் சரி. இதக் கோயில்ல கூழு ஊத்துற புள்ளைகளுக்குக் குடுத்துடுறேன். பாவம், வெயில்ல நிக்குதுக."

எழுந்தே விட்டார். வாசனையும் எழுந்தது. உண்மைக்கு இப்படி ஒரு செலவு இருப்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

"எனக்குத்தான்க்கா," என்றார் அப்பா.

அத்தை நின்றார். "என்னது?"

"கால்ல. வருசக்கணக்கா இருந்திருக்கு. மதுரையில வச்சுத்தான் தெரிஞ்சுது."

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. குரல் தாழ்ந்திருந்தது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என்னால் ஆயுசுக்கும் இப்படிச் செய்ய முடியாது.

"ஏன்டா தம்பி, இத்தன வருசமா நாங்கல்லாம் வந்துபோறோம், ஒரு வார்த்தை சொல்லலியே," என்று அத்தை தழுதழுத்து, தூக்கை அப்பா கையில் வைத்து, இரண்டு கையாலும் மூடினார். "பூராவும் நீயே தின்னணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை அப்பா ஜன்னலில் நின்றார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து, என் பக்கம் நகர்த்தினார்.

"அப்பா, ஆபத்து இல்லைன்னு டாக்டர் சொன்னத அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அவங்க அதக் கேக்கலியே," என்றார் அப்பா, வாய் நிறையக் கொழுக்கட்டையோடு.